அரசு செய்தி முகமை: போர்க்காலத்தில் அது யாரிடம் பேசுகிறது?

எங்கே போர் மூண்டாலும் நம் பக்கத்து டீக்கடைகளில் ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது. "அது அவங்க கவர்மெண்ட் ஏஜென்சி அண்ணாச்சி, சொல்றது பூரா பொய்" என்பார் ஒருவர். "ஏன்வே, ஒரு நாட்டு அரசாங்கமே சொல்லுது, அது பொய்யா இருக்குமா?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். உக்ரைன், காசா, 2025 மே மாதத்து இந்தியா–பாகிஸ்தான் மோதல், அடுத்த மாதமே வந்த இஸ்ரேல்–ஈரான் போர் என்று எதைப் பேசினாலும் இந்த இரண்டு கட்சிதான்.

இரண்டு பேருமே விஷயத்தின் நடுப்பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். நெல்லைச் சீமைக்கு இது தூரத்து விவகாரமும் இல்லை. மருத்துவம் படிக்க உக்ரைன் போன பிள்ளைகள், ஈரான் கடலில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகும் உவரிப் பக்கத்து ஆட்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மேலப்பாளையத்துக்காரர்கள், கடையநல்லூர்க்காரர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது வெளிநாட்டுச் செய்திக்குக் காதைக் கொடுத்தபடி இருக்கிறது. அந்தச் செய்தி எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நம்மிடம் வருகிறது, வழியில் யார் கை படுகிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

மண்டியும் சில்லறைக் கடையும்

பாவூர்சத்திரம் காய்கறி மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் கத்தரியும் வெண்டையும் அங்கே வந்து குவிகின்றன. ஒரு பங்கு லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகிறது. இன்னொரு பங்கை ஆலங்குளத்திலும் சுரண்டையிலும் தென்காசியிலும் கடை வைத்திருப்பவர்கள் எடுத்துப் போகிறார்கள். சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடந்து போவதில்லை, அது அவருக்குக் கட்டுப்படியாகாது. கடையில் வாங்குகிற நாமும் இது எந்த மண்டிச் சரக்கு என்று கேட்பதில்லை.

செய்தி முகமை என்பது இந்த மண்டிதான். அது தானாகப் பத்திரிகை அடித்து வீடு வீடாகப் போடுவதை முதன்மைத் தொழிலாகக் கொண்டதல்ல. செய்தியாளர்களையும் படக்காரர்களையும் பல ஊர்களில் வைத்துச் செய்தியைத் திரட்டி, சந்தா கட்டுகிற நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் இணையதளங்களுக்கும் மொத்தமாக அனுப்பும் நிறுவனம் அது. தமிழ் நாளிதழ் எதற்கும் கீவ் நகரிலோ டெஹ்ரானிலோ நிரந்தரச் செய்தியாளர் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே குண்டு விழுந்தால், அதைப் பார்த்தவர் அல்லது கேட்டறிந்தவர் ஏதோ ஒரு முகமையின் ஆள். அவர் எழுதிய நாலு வரி ஆங்கிலத்தில் நாளிதழின் செய்தி டெஸ்க்குக்கு வரும். உதவி ஆசிரியர் தமிழாக்குவார், தலைப்பு வைப்பார், பக்கத்தில் ஏற்றுவார். அதே நாலு வரி அதே மணியில் உலகத்தில் ஆயிரக்கணக்கான டெஸ்க்குகளுக்குப் போயிருக்கும்.

சந்தாப் பணத்தை நம்பி நிற்கிற மண்டிக்குச் சரக்கு தரமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். மண்டியை நடத்துபவர் லாபமே எதிர்பார்க்காதவராக இருந்தால்? "பாதி விலைக்குத் தருகிறேன், வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள், என் சரக்கு உன் கடை முகப்பில் இருந்தால் போதும்" என்று சொல்பவராக இருந்தால்? அரசுக் கருவூலத்திலிருந்து பணம் பெற்று நடக்கும் முகமையின் நிலை அதுதான். அதற்கு விற்றுத் தீர வேண்டிய கட்டாயம் இல்லை, பரவினால் போதும். பத்துப் பன்னிரண்டு மொழிகளில் செய்தி தர அதனால் முடியும். கையில் காசில்லாத சிறிய நாட்டுப் பத்திரிகைக்கு அது பெரிய உதவியாகவும் இருக்கும்.

எந்த மண்டி யாருடையது?

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சு அதிகம் குழம்புகிறது. பிடிஐ என்று போட்டிருந்தால் "அரசாங்கச் செய்தி" என்கிறார்கள். ராய்ட்டர்ஸ் என்றால் "பிரிட்டிஷ் அரசாங்கம்" என்கிறார்கள். இரண்டும் தவறு.

பிடிஐ (பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா) என்பது நம் பத்திரிகைகள் சேர்ந்து வைத்த நிறுவனம். 1947 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் பதிவானது. தொடக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் தி இந்து, சுதேசமித்திரன், ஆனந்த விகடன் ஆசிரியர்கள் இருந்தார்கள். அதற்கு முன் இந்தியாவின் உள்நாட்டுச் செய்தி விநியோகம் ராய்ட்டர்ஸ் கையில் இருந்த ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அதை நம் பத்திரிகைக்காரர்களே எடுத்து நடத்தத் துணிந்தார்கள். 1949இல் பிடிஐ வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஏபியும் 1846 முதல் இப்படிப் பத்திரிகைகளின் கூட்டுறவாக நடப்பதுதான். ராய்ட்டர்ஸ் தனியார் நிறுவனம். பிரான்சின் ஏஎஃப்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அதன் சுதந்திரத்துக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, அதே சமயம் பிரெஞ்சு அரசின் பணம் அதன் வருமானத்தில் கணிசமான பங்கு.

அரசு செய்தி முகமை என்று நான் இந்தக் கட்டுரையில் சொல்வது, அரசே பணம் கொடுத்து, அரசே தலைமையை நியமித்து நடத்தும் முகமையை. ரஷ்யாவின் டாஸ், சீனாவின் ஷின்ஹுவா, ஈரானின் இர்னா, வட கொரியாவின் கேசிஎன்ஏ, துருக்கியின் அனடோலு எல்லாம் இந்த வகை. பாகிஸ்தானின் ஏபிபியை 1961இல் அரசு எடுத்துக்கொண்டது. நம் பிஐபி முகமையே அல்ல. அது மத்திய அரசு தன் அறிவிப்புகளைப் பத்திரிகைகளுக்குத் தரும் அலுவலகம்.

நாமும் ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்தோம் என்பதை மறக்கக் கூடாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், பிடிஐ, யுஎன்ஐ உட்பட நான்கு முகமைகளையும் ஒன்றாக உருட்டி 'சமாச்சார்' என்று ஒரே முகமையாக்கினார்கள். 1978இல்தான் அவை மறுபடி பிரிந்தன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முகமை என்பது செய்தியின் மொத்த வியாபாரி. சிலவற்றின் சொந்தக்காரர் பத்திரிகைகள், சிலவற்றுக்குத் தனியார், சிலவற்றுக்கு அரசு. நாம் படிக்கும் வரியில் அந்தச் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தூதரகத்தைத் தாண்டி மக்களிடம் பேசுவது

ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் பேச வழக்கமான வழி தூதரகம். தூதர் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போவார், குறிப்பு கொடுப்பார், கதவை மூடிக்கொண்டு பேசுவார்கள். இதுதான் ராஜதந்திரம் என்று நமக்குத் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. எதிர் நாட்டு அமைச்சரை விட்டுவிட்டு, அந்த நாட்டு மக்களிடமே நேராகப் பேசுவது. அவர்கள் மனம் மாறினால் அவர்கள் அரசும் கொஞ்சம் அசையும் என்பது கணக்கு. வானொலி, பண்பாட்டு மையம், கல்வி உதவித்தொகை, திரைப்பட விழா, செய்தி எல்லாம் இதற்குக் கருவிகள். இதற்குப் பொதுமக்கள் ராஜதந்திரம் என்று பெயர். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2006இல் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது.

இதற்கு உதாரணம் தேடி மாஸ்கோ வரை போக வேண்டாம். தூத்துக்குடியில் அகில இந்திய வானொலியின் சக்தி வாய்ந்த மத்திய அலை ஒலிபரப்பி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் இந்தியா பேசிவந்திருக்கிறது. உப்பளத்துக்காரர்கள் தமிழில் வானொலி கேட்ட அதே கரையிலிருந்து, நமக்குப் புரியாத சிங்கள மொழியில் கண்டிக்கும் காலிக்கும் செய்தி போனது. மறுபக்கம், இலங்கை வானொலியை உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை நம் கடற்கரையில் உண்டு. பாட்டுக்காகக் கேட்டார்கள், நடுவில் வந்த செய்தியையும் சேர்த்தே கேட்டார்கள்.

அமைதிக் காலத்தில் இதெல்லாம் மெதுவாக நடக்கும். போர் வந்ததும் அவசரமாகிவிடுகிறது. போரிடும் நாட்டுக்கு வெளியாரிடமிருந்து சில காரியங்கள் உடனடியாக ஆக வேண்டியிருக்கும்: ஐ.நா.வில் ஓட்டு, ஆயுதம், கடன், எண்ணெய் வாங்குபவர், குறைந்தபட்சம் எதிரிக்கு உதவாமல் ஒதுங்கி நிற்கும் நாடுகள். அந்த நாடுகளின் மக்கள் தன்னை நியாயக்காரன் என்று நம்ப வேண்டும். தூதரகக் குறிப்பு அத்தனை பேரிடம் போய்ச் சேராது, முகமைச் செய்தி சேரும்.

கார்கிவ் நகரத்து மாணவர்கள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. கார்கிவ், சூமி நகரங்களில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் பதுங்கு குழிகளில் மாட்டிக்கொண்டார்கள். மார்ச் 1 அன்று கர்நாடகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கார்கிவில் குண்டுவீச்சில் இறந்தார்.

மறுநாள் ரஷ்யத் தரப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்திய மாணவர்களை உக்ரைன் பாதுகாப்புப் படையினர் பணயக் கைதிகளாகப் பிடித்து மனிதக் கேடயமாக வைத்திருக்கிறார்கள் என்றது. பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது, ரஷ்ய அரசு முகமைகள் ஏந்திக்கொண்டன, பிரதமர் மோடியும் புதினும் பேசிய தொலைபேசி உரையாடல் பற்றிய கிரெம்ளின் குறிப்பிலும் அது இடம்பெற்றது. உக்ரைனின் வெளியுறவு அமைச்சகம் நேரெதிராகச் சொன்னது: இந்தியா, பாகிஸ்தான், சீனா மாணவர்கள் ரஷ்யப் படையெடுப்பின் பணயக் கைதிகள் ஆகிவிட்டார்கள், அவர்களை வெளியேற வழிவிடும்படி அந்த அரசுகள் மாஸ்கோவிடம் கேட்க வேண்டும் என்றது. மார்ச் 3 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம், மாணவர் எவரும் பணயக் கைதியாக இருப்பதாகத் தகவல் எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று அறிவித்தது.

இந்த இரண்டு அறிக்கைகளும் யாருக்காக எழுதப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். ரஷ்ய விவசாயிக்கோ கீவ் நகரத்துக் கடைக்காரருக்கோ இந்திய மாணவர்கள் பெரிய கவலை இல்லை. எழுதப்பட்டது நமக்காக. மகளை அனுப்பிவிட்டு பாளையங்கோட்டையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் தாய்க்காக, அவர் மூலமாக இந்தியப் பொதுமக்களுக்காக, அவர்கள் மூலமாக டெல்லிக்காக. அதே மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நாடுகள் ஓட்டளிக்காமல் ஒதுங்கின. அந்த 35இல் இந்தியா ஒன்று. இந்தியாவை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பது ஒரு தரப்புக்குத் தேவை, அங்கிருந்து நகர்த்துவது மறு தரப்புக்குத் தேவை. அதற்கு எங்கள் பிள்ளைகளின் உயிர்ப் பயம் கருவியானது. அந்தத் தாயின் இடத்தில் நின்று இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பொதுமக்கள் ராஜதந்திரம் போர்க்காலத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. செய்தியின் பொருள் உக்ரைனில் இருந்தது. செய்தியின் முகவரி இந்தியா.

அறிவிப்பும் மௌனமும்

அரசு முகமை என்றால் பொய்ச் செய்தி தயாரிக்கும் இடம் என்று நினைப்பவர்கள் அதன் மற்ற வேலைகளைக் கவனிப்பதில்லை. அரசு நேரடியாகச் சொல்லத் தயங்குவதை முகமை மூலம் சொல்லிப் பார்ப்பது அவற்றில் முக்கியமானது.

1941 ஜூன் 14 அன்று சோவியத் நாளிதழ்களில் டாஸ் அறிக்கை ஒன்று வந்தது. ஜெர்மனி நம்மைத் தாக்கப்போகிறது என்ற வதந்திக்கு ஆதாரமே இல்லை, ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று போட்ட ஒப்பந்தத்தை இரு நாடுகளும் மதித்து நடக்கின்றன என்றது அது. படிப்பதற்குச் சொந்த மக்களுக்கான ஆறுதல் போல இருக்கும். அது பெர்லினுக்குப் போட்ட தூண்டில் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. "ஆமாம், எங்களுக்கும் அப்படி எண்ணம் இல்லை" என்று ஜெர்மனி பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்கிறதா என்று பார்ப்பதற்காக. ஜெர்மனி வாய் திறக்கவில்லை. ஆனால் சோவியத் மக்களும் எல்லையிலிருந்த படை வீரர்களும் அதை அப்படியே நம்பினார்கள். எட்டு நாள் கழித்து, ஜூன் 22 விடிகாலை, ஜெர்மன் படை உள்ளே வந்தது. வெளிநாட்டுக்கு எழுதிய கடிதத்தைச் சொந்த வீட்டார் படித்து ஏமாந்த கதை இது. அரசு முகமைக்கு எப்போதும் இருக்கும் ஆபத்தும் இதுதான்: பேசுவது ஒருவரிடம், கேட்பது எல்லோரும்.

தூதரகத்தைவிட முகமை வேகமானது என்பதற்கு 1945 ஆகஸ்டைச் சொல்லலாம். ஜப்பான் சரணடையச் சம்மதிக்கிறது என்ற செய்தி முறைப்படி சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் வழியாக நேச நாடுகளுக்குப் போக வேண்டும். அது போய்ச் சேருமுன்பே, ஆகஸ்ட் 10 அன்று, ஜப்பானின் டொமெய் முகமையின் ஒலிபரப்பில் உலகம் அதைக் கேட்டுவிட்டது.

ஷின்ஹுவா ஒரு படி மேலே போனது. ஹாங்காங் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலத்தில் அங்கே சீனாவுக்கு முறையான தூதரகம் கிடையாது. ஷின்ஹுவாவின் ஹாங்காங் கிளைதான் அந்த வேலையைப் பார்த்தது. 2000ஆம் ஆண்டில்தான் அந்த அலுவலகத்தின் பெயர் மாறியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்கா ஷின்ஹுவா உள்ளிட்ட ஐந்து சீன அரசு ஊடக நிறுவனங்களைத் தூதரகங்களுக்கு நிகரான அயல்நாட்டு அமைப்புகளாக அறிவித்தது. ஷின்ஹுவா தன் அரசுக்கு இன்னொரு சேவையும் செய்கிறது: பொதுவெளியில் வராத செய்திகளைத் தலைவர்கள் மட்டும் படிக்கும் உள் அறிக்கைகளாகத் தொகுத்துக் கொடுக்கிறது. ஒரே செய்தியாளர் ஊருக்கு ஒன்றும் தலைவருக்கு ஒன்றும் எழுதும் ஏற்பாடு அது.

மௌனமும் ஒரு செய்திதான். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன வீரர்கள் மோதினார்கள். இந்தியா தன் தரப்பில் 20 பேர் இறந்ததாக மறுநாளே சொன்னது. அவர்களில் ஒருவர் நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். சீன அரசு ஊடகங்கள் தங்கள் தரப்புச் சாவைப் பற்றி எட்டு மாதம் எண்ணிக்கை எதுவும் தரவில்லை. 2021 பிப்ரவரி 19 அன்று, இரு படைகளும் பாங்காங் ஏரிக்கரையிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், நான்கு பேர் இறந்ததாக அறிவித்து வீடியோவும் வெளியிட்டார்கள். எண்ணிக்கையைச் சொல்லாமல் வைத்திருந்தபோது சொந்த மக்களின் ஆத்திரம் கட்டுக்குள் இருந்தது, பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்தது. சொன்னபோது அது வீர அஞ்சலியாகவும், வெளியாருக்குத் தங்கள் கதையைச் சொல்லும் வாய்ப்பாகவும் அமைந்தது. இதில் பொய் என்று கைவைக்க ஒரே ஒரு வரிகூட அந்த எட்டு மாதத்தில் இல்லாமலே காரியம் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே கல்வான் மோதலுக்குப் பிறகு நம் பக்கமும் ஒன்று நடந்தது. பிடிஐ சீனத் தூதரைப் பேட்டி கண்டு வெளியிட்டது. அரசு ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதி அதைக் கடுமையாக ஆட்சேபித்தது. அந்த அக்டோபரில் பிடிஐ சந்தாவையும் நிறுத்திக்கொண்டது. மோதல் வரும்போது அரசுக்குச் சொந்தமில்லாத முகமையும் அரசின் குரலாக வேண்டும் என்ற நெருக்கடி எப்படி வருகிறது என்பதற்கு இது சாட்சி.

சுருக்கமாக: அரசு முகமை ஓர் அரசின் வாயாக மட்டும் வேலை செய்வதில்லை. தூண்டில் போடும், தூதுவனாக முந்தி ஓடும், வேண்டியபோது வாயை மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் அரசு முகமைகள் மட்டும் செய்வதா?

இல்லை. 1870இல் லண்டன் ராய்ட்டர்ஸ், பாரிஸ் ஹவாஸ், பெர்லின் வோல்ஃப் ஆகிய மூன்று முகமைகளும் உலகத்தையே எல்லை பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசு ராய்ட்டர்ஸ் பங்கு, நாமும் அதற்குள் அடக்கம். வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்து துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தபோது, அந்தச் செய்தி கடல் தாண்டிப் போக இருந்த தந்திப் பாதை ஆள்பவர்களின் பாதைதான்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1914 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை வெட்டியது. அதன்பின் ஜெர்மனி தன் பக்கத்தை அமெரிக்காவுக்குச் சொல்ல வானொலித் தந்தியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ராய்ட்டர்ஸ் தனியார் நிறுவனமாக இருந்தும், அந்தப் போரில் பிரிட்டிஷ் அரசின் பணத்தில் தனிச் செய்திச் சேவை ஒன்றை நடத்தியது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் பல நாடுகள் சொந்த அரசு முகமையை ஏன் தொடங்கின என்பது புரியும். அனடோலு முகமை தொடங்கிய நாள் 1920 ஏப்ரல் 6. அங்காராவில் துருக்கியரின் தேசிய சபை கூடியது ஏப்ரல் 23. இஸ்தான்புல் அந்நியப் படைகளின் பிடியில் இருந்த நேரம் அது. சபை கூடுவதற்கு முன்பே முகமை வேண்டும் என்று முஸ்தஃபா கெமால் நினைத்தார், ஏனென்றால் தங்கள் போராட்டத்தை உள்ளூருக்கும் உலகுக்கும் சொல்ல வேறு வாய் இல்லை. 1976இல் அணிசேரா நாடுகள் தங்கள் முகமைகளைச் சேர்த்து ஒரு செய்திக் கூட்டு அமைத்தன. இந்தியா அதன் முதல் தலைமை, பிடிஐ இந்தியாவின் பங்கை நடத்தியது. ஏழை நாட்டைப் பற்றிப் பஞ்சமும் கலவரமும் மட்டும் எழுதும் மேற்கத்திய முகமைகளுக்கு மாற்று வேண்டும் என்ற ஆசை நியாயமானது. பாதகம் என்னவென்றால், அந்தக் கூட்டில் வந்த சரக்கில் பெரும்பகுதி அமைச்சர் உரைகளும் வரவேற்பு விழாக்களும்தான். டெஸ்க்கில் இருந்தவர்கள் எடுத்துப் போடவில்லை. 1990களில் அது மங்கிப்போனது.

எல்லாக் கதவும் அடைபட்டால்

அரசு முகமை பேசுவது தவறில்லை. அது மட்டும் பேசுவதுதான் கொடுமை.

2009இல் வன்னியில் போரின் கடைசி மாதங்களை நம் கடற்கரைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. சுயேச்சையான செய்தியாளர்களைப் போர்ப் பகுதிக்குள் இலங்கை அரசு விடவில்லை. வெளியே வந்ததெல்லாம் கொழும்பின் அறிவிப்புகள், மறுபக்கம் புலிகளின் குரல். பொதுமக்கள் சாவே நிகழாதபடி போரிடுகிறோம் என்று அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. 2011இல் ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு தன் அறிக்கையில், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று எழுதியது. இரு தரப்பும் செய்த கொடுமைகளையும் அது பதிவு செய்தது. அந்த மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியில் நின்று அந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கு, என்ன நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியே இருக்கவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காசாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் அனுமதி மறுத்ததும் இந்த வகைதான். சுயேச்சையான கண்கள் இல்லாத இடத்தில் அறிவிப்பு தருபவர் வைத்ததுதான் கணக்கு.

ஆகவே அயல்நாட்டு அரசு முகமைகளைத் தடை செய்வது ஒன்றே பதில் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசு ஊடகங்களான ஸ்புட்னிக், ஆர்டி இரண்டையும் தடை செய்தது. 2025 மே மோதலின்போது சீன, துருக்கி அரசு ஊடகங்கள் சிலவற்றின் எக்ஸ் கணக்குகளை இந்தியாவில் முடக்கினார்கள். அவசரத்தில் பரவும் பொய்யைத் தடுக்க அதற்குக் காரணம் இருக்கலாம். எதிராளி உலகத்திடம் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளும் ஜன்னலும் அதோடு மூடிப்போகிறது.

வரியைப் படிப்பது எப்படி?

சிரமம் எங்கே வருகிறது என்றால், பெயர் உதிரும் இடத்தில். "பாதுகாப்பு அமைச்சகம் கூறியதாக டாஸ் தெரிவிக்கிறது" என்று ஆங்கிலக் காப்பியில் இருக்கும். தமிழாக்கத்தில் அமைச்சகம் போகும், தலைப்பில் டாஸ் போகும், டிவி அடியில் ஓடும் எழுத்தில் "கூறியதாக" என்பதும் போகும். வாட்ஸ்அப்புக்கு வரும்போது அது நடந்துமுடிந்த சம்பவமாக நிற்கும். அதனால் முதலில் தேட வேண்டியது அந்த உதிர்ந்த பெயரைத்தான். பார்த்தவர் சொன்னதா, அரசு சொன்னதா, எந்த முகமை ஏந்தியது? பெயரே இல்லாத செய்தியை மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது பெரிய உபகாரம்.

அடுத்து, முகவரி. இதை யார் நம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்? கார்கிவ் விஷயத்தில் செய்ததுபோல, அந்த வாரம் என்ன ஓட்டு, என்ன பேச்சுவார்த்தை, என்ன ஆயுத ஒப்பந்தம் நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி தெளிந்துவிடும்.

எதிர்த் தரப்பின் முகமையையும் அதே நாளில் படியுங்கள். இருவரும் ஒத்துக்கொள்ளும் பகுதி ஒன்று பெரும்பாலும் இருக்கும், அது உறுதியான தரை. அரசு முகமை தன் அரசுக்குப் பாதகமான ஒன்றைச் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதைச் சொல்ல அதற்கு ஆசை இருக்காது. 1983 செப்டம்பர் 1 அன்று 269 பேருடன் பறந்த தென் கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் வீழ்த்தியபோது, அந்த விமானம் ஜப்பான் கடல் பக்கம் பறந்து போய்விட்டது என்றுதான் டாஸ் முதலில் சொன்னது. செப்டம்பர் 6 அன்று சோவியத் அரசு ஒத்துக்கொண்டது. முதல் அறிவிப்புக்கும் ஒப்புதலுக்கும் நடுவிலான ஐந்து நாளில் அந்த முகமை இழந்த நம்பகம் திரும்பவில்லை.

பழகிப் பார்க்க, 2022 ஏப்ரலில் கருங்கடலில் மூழ்கிய மாஸ்க்வா போர்க்கப்பல் செய்தியை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கியதாக உக்ரைன் சொன்னது. கப்பலில் தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அரசு முகமைகள் வழியாகச் சொன்னது. ஏப்ரல் 14 இரவு, இழுத்துப் போகும்போது புயலில் மூழ்கிவிட்டது என்றும் சொன்னது. அன்று இரவு நம் கையில் உறுதியாக இருந்தது ஒன்றுதான்: கப்பல் போய்விட்டது, அதை அதன் சொந்தக்காரரே சொல்லிவிட்டார். எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு கூற்றுகள் இருந்தன. மாலுமிகள் எல்லோரும் வேறு கப்பல்களுக்கு மாற்றப்பட்டார்கள் என்றது ரஷ்ய அறிவிப்பு, அதைச் சரிபார்க்க வெளியார் யாரும் அங்கே இல்லை. ஏப்ரல் 22 அன்று அதே அமைச்சகம் ஒருவர் இறந்தார், 27 பேரைக் காணவில்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட எட்டு நாட்களும் அந்த மாலுமிகளின் வீடுகளுக்கும் அதே முகமைச் செய்திதான் போய்க்கொண்டிருந்தது.